பள்ளிப் பிள்ளைகள் கட்டுகிற வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் ஒரு கிராமம் எங்களுடையது. இங்கே ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள், கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோரோடு சேர்ந்து வருஷத்துக்கு ஒரு வீடு கட்டுகிறார்கள். ஊர்க்காரர்கள், பழைய மாணவர்கள், ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இதைப் பார்த்துக்கொள்கிறோம். டீக்கடையிலும் பள்ளி வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன், எனக்கும் தொண்டை மிச்சம்.

இது எப்படி ஆரம்பித்தது?

கஜாவில் ஆரம்பித்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அந்தப் புயல் கூரையையும் தென்னையையும் ஒரே ராத்திரியில் எடுத்துக்கொண்டு போனது. தென்னையே போனபிறகு கூரை வேயக் கீற்றுக்கு எங்கே போவது? மாசக்கணக்கில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள். கையில் கொஞ்சம் காசு வந்து கல்வீடு கட்டலாம் என்று பார்த்தால் கொத்தனார் கிடைக்கவில்லை, எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வேலை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி வீட்டுக்கு மேஸ்திரி ஒருவர் தனியாளாக வந்து நின்றபோது, பதினொன்றாவது படித்த நாலு பையன்கள் சனி ஞாயிறில் கல் எடுத்துக் கொடுக்கப் போனார்கள். மூன்றாவது வாரம் அதில் ஒருத்தன், "அண்ணே, அந்தக் குண்டை எதுக்குத் தொங்க விடுறீங்க?" என்று கேட்டான். மேஸ்திரி பதில் சொல்லவில்லை, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் அந்தத் தூக்குக்குண்டை அவன் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் திட்டம். நடுவில் கொரோனாவில் இரண்டு வருஷம் நின்றது. இதுவரை ஐந்து வீடு முடிந்திருக்கிறது.

குலக்கல்வியைத்தானே வேறு பேரில் கொண்டுவருகிறீர்கள்?

இதைக் கேட்காத ஆசிரியர் இல்லை, கேட்கவும் வேண்டும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் வந்தது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அது மட்டும் நிலைத்திருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் இன்றைக்கு இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், நான் எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

அதனால் சில விஷயங்களில் நாங்கள் பிடிவாதக்காரர்கள். பள்ளி நேரத்தில் ஒரு நிமிஷம் எடுப்பதில்லை. யாருக்கு எந்த வேலை என்பது சீட்டுக் குலுக்கி வருவது, அதிலும் கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு முதல் வருஷம் கொத்துக்கரண்டி கிடையாது, ஒயரிங்குக்கோ கணக்கு நோட்டுக்கோதான் போக வேண்டும். நிலம் வைத்திருக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குச் சீட்டில் சாந்து வந்தால் சாந்துதான். தண்ணீர்க் குடம் ஒன்று, சாப்பாடு ஒரே பந்தி. ஒரு தடவை, காலனித் தெருவில் கட்டிய வீட்டுக்குத் தன் மகன் சாந்து குழைப்பதை ஒரு அப்பா ரோட்டில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பையன் வரவில்லை. நாலாவது வாரம் வந்தான். ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இன்னொன்று. "படிப்பு ஏறாத பசங்களா இருபது பேர் அனுப்புறோம்" என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மார்க் வராதவனுக்குத்தான் கைவேலை என்கிற எண்ணம் குலக்கல்விக்குச் சித்தப்பா மகன். முதல் மார்க் எடுக்கிற பிள்ளையும் வரட்டும், அப்போதுதான் இந்த வேலையில் எவ்வளவு மூளை வேண்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

வீடு யாருக்கு? பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அரசு வீடு கிடைத்தும் கட்டி முடிக்க முடியாமல் நிற்பவர்களுக்கு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. கட்டடம் ஏற ஏறத் தவணையாகப் பணம் வரும். கையில் முதல் இல்லாதவர், புருஷன் இல்லாத பெண், வயசானவர் இவர்களால் முதல் தவணை வரும் மட்டத்துக்குக் கட்டடத்தைக் கொண்டுவருவதே பெரும்பாடு. அங்கேதான் நாங்கள் நுழைகிறோம். மேஸ்திரி, பெரியாள் கூலியில் ஒரு பகுதியையும் தவணைக்கு முன்னால் தேவைப்படும் கல், ஜல்லி, எம்-சாண்டையும் ஊரில் வசூல் செய்து போடுகிறோம், வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அனுப்புகிறார்கள். பட்டா இல்லாத இடத்தில் மட்டும் கை வைப்பதில்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நாளைக்கு யாராவது வந்து காலி செய்யச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் பதில் சொல்ல முடியாது.

இந்த மண்ணில் குடிசை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள்தான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். பின்னால் மண்குடிசைகளைக் கல்வீடாக்கும் வேலையிலும் கிருஷ்ணம்மாள் இறங்கினார். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைகளை வேலை வாங்குவது குற்றம் இல்லையா?

வேலை வாங்கினால் குற்றம்தான். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயசுக்குக் கீழே உள்ளவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது, 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் அமர்த்தக் கூடாது. எங்களிடம் 14 முடியாத பிள்ளை, அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாலும் கயிற்றுக்கு வெளியேதான் நிற்கும். 14 ஆனவர்களும் கற்றுக்கொள்ள வருகிறார்கள், கூலி ஆளுக்குப் பதிலாக வருவதில்லை. இதை எப்படிப் பரிசோதிப்பது என்று கேட்டால், பிள்ளைகள் யாரும் வராவிட்டாலும் அன்றைக்கு வேலை நடக்க வேண்டும், அந்த அளவுக்கு ஆள் போட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் வராததால் வேலை நின்றது என்றால் நாங்கள் ஏமாற்றுகிறோம் என்று அர்த்தம்.

சாரம் ஏறுவது, கூரைக் கான்கிரீட், கட்டிங் மெஷின், கரண்ட் உள்ள ஒயர், செப்டிக் குழி, முழு சிமெண்ட் மூட்டையைத் தூக்குவது, இதெல்லாம் கிடையவே கிடையாது. ஒருவருக்கு ஒரு நாளில் நாலு மணி நேரம், நடுவில் மோர்.

அப்படியானால் என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்?

நிறைய. முதல் நாள் நூல் கட்டுவது. மனை மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து குறி வைத்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். எட்டாவதில் படித்த பிதாகரஸ்தான். பெரிய மனைக்கு 6, 8, 10 என்று எடுத்தால் பிழை இன்னும் குறையும். இதைச் சொல்லிக்கொடுக்கும் மேஸ்திரிக்குப் பிதாகரஸ் யாரென்று தெரியாது, பிள்ளைகள் அவருக்குச் சொன்னபோது "அவரும் மேஸ்திரியா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா நிஜமாகக் கேட்டாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் டியூப் லெவல். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீளமான வெள்ளை டியூப், உள்ளே தண்ணீர், ஒரு முனையை ஒரு மூலையிலும் மறு முனையை இருபதடி தள்ளி இன்னொரு மூலையிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கே பென்சிலால் கோடு. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஒரு நாள் இரண்டு பெண் பிள்ளைகள் குறித்த கோடு ஒரு அங்குலத்துக்கு மேல் தப்பி நின்றது. மூன்று முறை பார்த்தும் அதேதான். கடைசியில் ஒருத்தி டியூபை முழுக்க வெயிலில் நீட்டிப் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள், நடுவில் ஒரு வளைவில் கட்டைவிரல் நீளத்துக்குக் காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தது. தட்டித் தட்டி அதை வெளியேற்றியதும் கோடு சரியாக வந்தது. அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கல் கணக்கு அவர்களே போட வேண்டும். சாந்தோடு சேர்த்து ஒரு செங்கல் முகம் 9 அங்குலத்துக்கு 3 என்றால் 27 சதுர அங்குலம், ஒரு சதுர அடி 144, ஆக ஐந்தே கால் கல்லுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்பது இஞ்சு சுவருக்கு அது இரட்டிப்பு. பத்துக்குப் பத்து சுவருக்கு 1,067 கல் என்று ஒரு பையன் பத்து நிமிஷம் போட்டுச் சொன்னான். மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்காமல் "சதுரத்துக்கு ஆயிரத்து நூறு போடு தம்பி, உடையிறது யார் கணக்கு?" என்றார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பது இஞ்சு சுவருக்குச் சாந்தில் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு, நாலரை இஞ்சுக்கு ஒன்றுக்கு நாலு. கல்லை நனைக்காமல் வைத்தால் அது சாந்தில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவையில் தண்ணீரைக் கூட்டினால் கை வலிக்காது, பலமும் இருக்காது. கம்பிக்கு ரிங் வளைப்பது, ரசமட்டம் பார்ப்பது, பைப் ஒட்டுவது, சுவருக்குள் கன்டியூட் பைப் பதிப்பது, நிலைக்கு இழைப்புளி போடுவது எல்லாம் உண்டு. கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் லைசென்ஸ் உள்ள ஆள் வந்து பார்ப்பார்.

எங்கள் பக்கத்துக்கே உரிய பாடமும் இருக்கிறது. இது களிமண். மழையில் உப்பும், கோடையில் வயல் எப்படி வெடிக்கிறதோ அப்படி வீட்டுக்கு அடியிலும் வெடிக்கும், மேலே சுவரும் கூடவே விரியும். அதனால் வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே கடைக்கால் பறித்து, மணல் நிரப்பி, பேஸ்மட்டத்தில் கான்கிரீட் பெல்ட் போட வேண்டும். கடலோரம் போகப் போகத் தண்ணீர் உப்பு, அதில் கான்கிரீட் கலந்தால் கம்பி துருப்பிடித்துவிடும். நல்ல தண்ணீரை டேங்கரில் கொண்டுவருகிறோம், செலவுதான்.

பிள்ளைகள் வைத்த சுவர் நிற்குமா?

தப்பாக வைத்தால் நிற்க விடமாட்டோம். இரண்டாவது வீட்டில் அடுப்படிச் சுவர் பத்து வரி ஏறியபிறகு தூக்குக்குண்டு போட்டால், மேலே முக்கால் அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறது. "பூச்சில் சரிபண்ணிடலாம்" என்று நான்தான் சொன்னேன், இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மேஸ்திரி எதுவும் பேசாமல் மேல் வரிக் கல்லை எடுத்துக் கீழே வைத்தார், அதற்கடுத்த கல், அதற்கடுத்தது. பிள்ளைகளும் கூடவே எடுத்தார்கள். சாந்து இறுகுவதற்கு முன்னால் கல்லைச் சுரண்டி அடுக்கி, மறு வாரம் முதலிலிருந்து கட்டினார்கள். அந்த வீட்டு அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடம் "இது ரெண்டு தடவை கட்டின சுவரு" என்று பெருமையாகக் காட்டுகிறார். கடைக்கால், பில்லர், லிண்டல், கூரை இந்த நாலு கட்டத்திலும் ஓவர்சியர் கையெழுத்து இல்லாமல் அடுத்த வேலை தொடங்காது. சுவரும் ஒரே நாளில் ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றுவதில்லை.

பெண் பிள்ளைகள் வருகிறார்களா?

இந்த வருஷம் பாதிக்கு மேல். சேர்ந்த முதல் மாசத்தில் ஒரு பிள்ளை கேட்டது: "எங்கம்மா இருபது வருஷமா சித்தாளாவே இருக்காங்க, கூட வந்த மாமால்லாம் கொத்தனார் ஆயிட்டாங்க, ஏன்?" மேஸ்திரிகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் பதில் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கல் தூக்கிக் கொடுத்துக் கொடுத்து, எந்தக் கலவை எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணாலேயே சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள், கையில் கரண்டி கொடுப்பதுதான் இல்லை. இப்போது அந்த அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வந்து மகளோடு சேர்ந்து பூச்சு வேலை பழகுகிறார். கூலி வேலைக்குப் போகும் இடத்தில் இன்னும் சித்தாள்தான்.

தையில் தொடங்கி வைகாசியில் முடிப்பது ஏன்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக்கால் பறித்தால் அது குளம். சம்பா அறுப்பு முடிந்தால்தான் வயல் வழியாகச் செங்கல் வண்டி உள்ளே வரும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் பெரியாட்கள் குறுவை வேலைக்குப் போய்விடுவார்கள், பள்ளியும் திறந்துவிடும். ஆக நாலரை மாசம், அதில் பரீட்சை போக மிச்சம்.

படிப்பு கெடாதா?

பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு மாசி முதல் பரீட்சை முடியும்வரை வரவேண்டாம் என்றே சொல்லிவிடுகிறோம். வந்து நின்றாலும் திருப்பி அனுப்புவோம். இங்கே வந்ததால் மார்க் கூடும் என்று வாக்குக் கொடுக்க நான் டியூஷன் சென்டர் நடத்தவில்லை.

சம்பளம் உண்டா?

கிடையாது. சாப்பாடு, பஸ் காசு, ஒரு ஜோடி கம்பூட்.

அடிபட்டால்?

இதுவரை பெரிய காயம் இல்லை, சின்னது உண்டு. நாங்கள் அலட்சியமாக இருந்த ஒன்று சிமெண்ட். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், உடனே தெரியாது, ராத்திரி எரியும். முதல் வருஷம் ஒரு பையன் வெறுங்காலோடு கலவையில் நின்று இரண்டு காலும் புண்ணாகி ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அவன் அம்மா எங்களைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதற்குப் பிறகு கம்பூட், கையுறை இல்லாமல் கலவைப் பக்கம் யாரும் கிடையாது, பெரியவர்கள் உட்பட. பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மேஸ்திரிகள் தொழிலைச் சொல்லிக்கொடுக்க எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு இவனுங்களே எனக்குப் போட்டியா வருவானுங்க" என்று போனவர்கள் உண்டு, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. இருக்கிறவர்கள் சொல்லும் காரணம் வேறு: அவர்கள் பிள்ளைகள் யாரும் கரண்டியைத் தொடவில்லை, கற்றுக்கொடுக்க ஆளில்லை. நாங்கள் அவர்களுக்கு அன்றைய முழுக் கூலியும் கொடுக்கிறோம். ஓசியில் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பது அவர்கள் தொழிலை மட்டம்தட்டுவது.

சர்டிபிகேட் கிடைக்குமா? பிறகு என்ன செய்யலாம்?

நாங்கள் கொடுப்பது ஒரு வேலை நோட்டு. என்ன வேலை, எந்தத் தேதி, யார் பார்த்தார், என்ன தப்பு என்று எழுதி மேஸ்திரி கையெழுத்துப் போடுவார், கைநாட்டு வைப்பவரும் உண்டு. அரசு மதிப்பு இல்லை. மதிப்புள்ள சான்று வேண்டுமானால் ஐடிஐ போக வேண்டும். வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது போதும், எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷம் ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் ஐடிஐ சேர்ந்தாலும் மாசம் ஆயிரம் ரூபாய் உண்டு, பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். 18 ஆனதும் இந்தத் தொழிலிலேயே இருக்கிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம்.

வளைகுடா போகிற எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு குறைவு. பத்தாவது தேறாவிட்டால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்ற குறி (குடிபெயர்வு அனுமதி தேவை என்று அர்த்தம்) விழும், கிளம்புவதற்கு முன்னால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். கையில் தொழில் இருக்கிறதே என்று பள்ளியை விடாதீர்கள்.

வேறு நாடுகளில் இப்படி உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1978-ல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் டோரதி ஸ்டோன்மன் அங்குள்ள இளைஞர்களோடு சேர்ந்து ஒரு பாழடைந்த கட்டடத்தைச் சீர்செய்யத் தொடங்கியதிலிருந்துதான், இளைஞர்கள் படித்துக்கொண்டே வீடு கட்டப் பழகும் யூத்பில்ட் என்ற திட்டம் வளர்ந்தது. 1976-ல் ஜார்ஜியாவில் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு அமைப்பு கட்டும் வீடுகளில் பள்ளிப் பிள்ளைகளும் கை கொடுப்பார்கள், ஆனால் 16 வயசுக்குக் கீழே கட்டுமான இடத்தில் வேலை கிடையாது, 18 ஆகாமல் கூரையில் ஏறக் கூடாது. எங்கள் விதிகளில் பாதி அங்கிருந்து எடுத்ததுதான்.

எங்கள் ஊரிலும் ஆரம்பிக்கலாமா?

முதலில் வீடு வேண்டாம். பள்ளி மதில், திண்ணை, கழிப்பறை மேடை இப்படி ஏதாவது இடித்துக் கட்டினால் வலிக்காத அளவில் தொடங்குங்கள். பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒரு மேஸ்திரியைப் பிடியுங்கள், பணம் அப்புறம்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய முழுக்கைச் சட்டை, துண்டு, பென்சில். பெற்றோர் கையெழுத்து. போன் வீட்டிலேயே இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், அரை மணி நேரம் லேட்டானாலும் பரவாயில்லை, ஆனால் முதலில் வருகிறவர்தான் முந்தின வாரம் வைத்த சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அந்த வேலைக்குச் சீட்டு கிடையாது.